‘சாப்ட்டாச்சுங்களா’வுக்கு அடுத்த கேள்வி

கேள்வி இது: வேலை மாற்றலாகித் திருநெல்வேலியிலிருந்து கோவைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. நாற்பது வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. எதிர்வீட்டார், காலை நடையில் பார்ப்பவர்கள், செக்யூரிட்டி அண்ணன் என்று முகம் தெரிந்தவர்கள் நிறையப் பேர். எல்லோரிடமும் பேச்சு ‘சாப்ட்டாச்சா’, ‘தண்ணி வந்துச்சா’வோடு நின்றுவிடுகிறது. நடிக்காமல், வலியப் போய் ஒட்டிக்கொள்ளாமல், மனம்விட்டுப் பேசும் அளவுக்குப் பழக்கத்தை எப்படி வளர்ப்பது?

‘சாப்ட்டாச்சா’வைக் குறைவாக நினைக்காதீர்கள். அதைக் கேட்பவர் யாரும் இட்லிக் கணக்கை எதிர்பார்ப்பதில்லை. ‘உங்களைக் கவனித்தேன், நமக்குள் ஒரு வருத்தமும் இல்லை’ என்ற செய்திதான் அதில் போய்ச் சேருகிறது. எட்டு மாதமாக அது தினமும் நடக்கிறதென்றால் வாசல் திறந்துதான் இருக்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது: இன்றைய பேச்சு நாளைய பேச்சோடு சேருவதில்லை. ஒவ்வொரு காலையும் முதல் நாள் போலவே தொடங்கி, முதல் நாள் போலவே முடிந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை அவர் சொன்ன ஒன்று வெள்ளிக்கிழமை உங்கள் வாயிலிருந்து வரும்போதுதான் பழக்கம் நகரத் தொடங்கும். அதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, அவர் ஏதாவது சொல்லும்படி கேட்பது. இன்னொன்று, சொன்னதை வைத்திருந்து திரும்பக் கேட்பது. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் துணை.

முதலில் நேரக் கணக்கு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களிடமும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் நட்பு உருவாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம், ‘நண்பர்’ என்று சொல்லும் அளவுக்கு 90 மணி நேரம், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேல். இவை அமெரிக்கர்களிடம் எடுத்த சராசரிகள். நம் ஊரில் கூடலாம், குறையலாம். ஆனால் எந்த அளவில் யோசிக்க வேண்டும் என்பது புரியும். லிஃப்டிலும் வாசலிலுமாக ஒருவரோடு நாளுக்கு பத்து நிமிடம், வாரம் ஐந்து நாள் பேசினால் 50 நிமிடம். அந்த வேகத்தில் 50 மணி நேரம் சேர 60 வாரம், அதாவது ஓராண்டுக்கும் மேல். இப்படிப் பார்த்தால் உங்கள் எட்டு மாதம் வீண்போகவில்லை, இன்னும் போதவில்லை, அவ்வளவுதான். அதே ஆளோடு வாரத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாகச் சேர்த்துப் பாருங்கள். ஞாயிறு காலை உழவர் சந்தைக்கு ஒன்றாகப் போய் வருவது, நடை முடிந்ததும் ஒரு டீ, இப்படி எதுவாகவும் இருக்கலாம். 60 வாரம் 27 வாரமாகச் சுருங்கிவிடும்.

இதிலிருந்தே ஒன்று தெளிவாகும். நாற்பது வீட்டாரோடும் இதைச் செய்ய முடியாது. நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி தானாகவே எதிர்ப்படுகிறவர்களாக, உங்களைப் பார்த்ததும் நடையைக் கொஞ்சம் தளர்த்துகிறவர்களாக இருந்தால் போதும். வயதோ வேலையோ ஒத்துப்போக வேண்டும் என்று தேடாதீர்கள். அறுபது வயது அக்காவும் முப்பது வயதுப் பெண்ணும் நெருங்கிய பழக்கத்தில் இருப்பது நம் குடியிருப்புகளில் சாதாரணம்.

இனி, ‘சாப்ட்டாச்சா’, ‘தண்ணி வந்துச்சா’வுக்கு அடுத்துக் கேட்க வேண்டிய அந்த இரண்டாவது கேள்வி. கோவையில் தண்ணீர்ப் பேச்சு எப்போதும் கைகொடுக்கும். சிறுவாணியா பில்லூரா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு என்று எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். நீங்கள் ‘தண்ணி வந்துதுங்களா’ என்கிறீர்கள். ‘ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வந்துது, நான் எந்திரிச்சுப் பிடிச்சேன்’ என்கிறார் எதிர்வீட்டு அக்கா. பெரும்பாலோர் இங்கே ‘ஆமாங்க, இவங்க எப்பவும் இப்படித்தான்’ என்று மாநகராட்சியைத் திட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பேச்சு தண்ணீரோடு போய்விட்டது. அவர் சொன்ன வாக்கியத்தில் தண்ணீரைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது: இரண்டு மணிக்கு எழுந்தது அவர். ‘ரெண்டு மணிக்கு எந்திரிச்சா அப்புறம் தூக்கம் வருங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘எங்க வருது, அஞ்சு மணிக்குப் பையனுக்கு டிபன் கட்டணும், ப்ளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸ்’ என்பார். ஒரே கேள்வியில் அவருடைய இரவு, மகன், பரீட்சை எல்லாம் வந்துவிட்டன. இதற்குச் சாமர்த்தியம் தேவையில்லை. விஷயத்தைவிட்டு ஆளின் மேல் காதை வைத்தால் போதும்.

கேள்வி எப்படி அமைய வேண்டும் என்பதிலும் நுணுக்கம் உண்டு. ‘ஆமா’, ‘இல்ல’ என்று முடிந்துவிடும் கேள்வியைவிட ‘எப்படி’, ‘என்ன பண்ணீங்க’ என்று கேட்பது நல்லது. ஆனால் ‘வாழ்க்கை எப்படிப் போகுது’ போன்ற அகலமான கேள்விக்கு ‘போகுதுங்க’ என்பதைத் தவிர யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ‘புதுசா வந்த மேனேஜர் எப்படிங்க?’ என்றால் பதில் வரும். ‘ஏன்’ என்று தொடங்குவதைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். ‘ஏன் வேலைய விட்டீங்க’ என்பது விசாரணை போலக் காதில் விழும். ‘அந்த வேலைய விடணும்னு எப்பத் தோணுச்சு’ என்றால் அதையே கதையாகச் சொல்வார்கள். ஒருவரிடம் தொடர்ந்து மூன்று கேள்வி கேட்டுவிட்டால் நான்காவது கேள்வியாக இருக்கக் கூடாது. அங்கே உங்களைப் பற்றி ஏதாவது ஒன்று வர வேண்டும். இல்லாவிட்டால் எதிரில் நிற்பவருக்கு இன்டர்வியூ கொடுப்பது போலிருக்கும். உளவியலாளர் ஆர்தர் ஆரன் 1997-இல் அறிமுகமில்லாத இருவரை 45 நிமிடத்தில் நெருங்க வைக்க 36 கேள்விகள் கொண்ட ஒரு முறையை வெளியிட்டார். அதில் கேள்விகளைவிட முக்கியமான விதி, ஒவ்வொன்றுக்கும் இருவருமே பதில் சொல்ல வேண்டும் என்பதும், ஆழம் படிப்படியாகக் கூட வேண்டும் என்பதும்தான். அந்தப் பட்டியலை லிஃப்டில் எடுத்துப் போகத் தேவையில்லை. ‘நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு’ என்ற அளவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பற்றிச் சொல்லும்போது எந்த ஆழம்? அவர் சொன்னதற்குச் சமமாக, அல்லது ஒரு படி கூடுதலாக. அவர் மகனின் பரீட்சையைச் சொன்னால், நீங்கள் ஊரில் இருக்கும் அம்மா தினமும் இரவு போனில் ‘எப்ப வர்ற’ என்று கேட்பதைச் சொல்லலாம். அண்ணனோடு உள்ள சொத்துத் தகராறை அன்றே கொட்டினால் அவர் பின்வாங்குவார். உங்கள் மேல் வெறுப்பு வந்து அல்ல. அதற்குச் சமமாகத் தானும் ஏதாவது சொல்லியாக வேண்டுமோ என்ற சங்கடம்.

அடுத்தது காது கொடுப்பது. இதில்தான் நல்ல மனசுக்காரர்களும் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வந்த ஓர் ஆய்வில், ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. யோசித்துப் பேச அந்த நேரம் போதாது. அதாவது எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நம் மனம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. அது மனித இயல்பு. ஆனால் அவர் கடைசியில் சொன்ன பாதி வாக்கியம் நம் காதில் விழுவதில்லை. முக்கியமானது பெரும்பாலும் அந்தப் பாதியில்தான் இருக்கும். ‘எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு... என்ன, ராத்திரி ஆனா வீடு கொஞ்சம் அமைதியாயிடுது.’ இதில் ‘என்ன’வுக்குப் பின்னால் வருவதுதான் அவர் சொல்ல வந்தது. எனவே அவர் முடித்ததும் மனதுக்குள் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணுங்கள். உங்களுக்கு அது நீளமாகத் தோன்றும். அவருக்கு, இன்னும் கொஞ்சம் சொல்லலாம் என்ற அனுமதியாகத் தோன்றும். பலர் அந்த இரண்டு விநாடியில்தான் உண்மையைச் சொல்வார்கள்.

இடம் இதற்குப் பெரிய உதவி. எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்து மௌனமாக இருப்பது கஷ்டம். ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் பக்கத்தில் நடக்கும்போது மௌனம் உறுத்தாது. கீரை ஆயும்போதும், துணி மடிக்கும்போதும், வண்டி பஞ்சர் ஒட்டக் காத்திருக்கும்போதும் அப்படித்தான். வேகமாக நடப்பவரை நிறுத்தி வைத்துப் பேசாதீர்கள், கூடவே நடந்துகொண்டு பேசுங்கள். போனைக் கையில் வைத்திருக்காதீர்கள், பையில் போட்டுவிடுங்கள். திரை ஒருமுறை மின்னினாலே கண் அங்கே போகும், அவர் வாக்கியத்தைச் சுருக்கிவிடுவார்.

சார்லஸ் டெர்பர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1979-இல் இரண்டு வகைப் பதில்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று பேச்சைச் சொன்னவரிடமே வைத்திருக்கும், மற்றது நம் பக்கம் இழுத்துக்கொள்ளும். நம்மிடையே இரண்டாவது வகை பாசம் என்ற பெயரிலேயே நடக்கிறது. ‘அம்மாவுக்கு முட்டி வலி, ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க’ என்று ஒருவர் சொன்னதும், ‘அய்யோ, எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான், ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம்...’ என்று ஆரம்பித்துவிடுகிறோம். ‘உங்களுக்கு மட்டும் இல்லை’ என்று ஆறுதல் சொல்வதாகத்தான் நினைக்கிறோம். நடந்தது என்ன? ஐந்து நிமிடம் பெரியம்மாவின் கதை ஓடியது, அவருடைய அம்மா காணாமல் போனார். நம் அனுபவத்தைச் சொல்லக் கூடாது என்பதில்லை. ஒரே வாக்கியத்தில் சொல்லி, அவரிடமே திருப்பிவிடுங்கள்: ‘எங்க பெரியம்மாவும் இதுல ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. உங்கம்மா மாடிப்படி ஏறுறாங்களா?’

இதன் தம்பி, கேட்காத யோசனை. வலி என்ற சொல் காதில் விழுந்ததுமே முடக்கத்தான் கீரை, இந்த டாக்டர், அந்தத் தைலம் என்று மூன்று யோசனை பறக்கும். சொன்னவர் மருந்து தேடி வந்திருக்க மாட்டார். ஸ்கேன் ரிப்போர்ட் வரும்வரை உள்ள பயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்திருக்கும். குழப்பமாக இருந்தால் நேராகவே கேட்டுவிடலாம்: ‘நல்ல டாக்டர் யாராச்சும் விசாரிச்சுச் சொல்லட்டுங்களா, இல்ல பார்த்துட்டு இருக்கீங்களா?’ ‘பார்த்துட்டுத்தாங்க இருக்கோம்’ என்றால் யோசனை வேண்டாம் என்று பொருள்.

நல்ல செய்தியிலும் இதே சறுக்கல் உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொல்ல வருகிறார். ‘சந்தோஷம்ங்க’ என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது, ‘பெங்களூருங்களா, அங்க வாடகை ரொம்ப ஜாஸ்தியாச்சே’ என்று குறை சொல்வது, ‘எங்க தம்பி பையனுக்கும் போன மாசம்...’ என்று இழுத்துக்கொள்வது, மூன்றுமே அவர் முகத்தைச் சுருக்கும். அவர் அந்தச் சந்தோஷத்தை இன்னொருமுறை வாழ்ந்து பார்க்க வந்திருக்கிறார். ‘எப்பத் தெரிஞ்சுது? போன்ல சொன்னாளா, நேர்லயா? நீங்க என்ன சொன்னீங்க?’ என்று கேளுங்கள். மூன்று நிமிடம் ஆகும். துக்கத்துக்கு வந்து நின்றவரைப் போலவே, சந்தோஷத்தைக் கூட இருந்து கேட்டவரையும் மக்கள் மறப்பதில்லை.

இனி, கேட்கக் கூடாதவை. வெளியே கிளம்புகிறவரிடம் ‘எங்க போறீங்க’ வேண்டாம். சகுனம் பார்ப்பவர்கள் இன்றும் நிறையப் பேர். ‘வெளிய கிளம்பிட்டீங்களா’ என்றால் சொல்ல விரும்பினால் சொல்வார். சம்பளம், வாடகை, ‘இன்னும் விசேஷம் ஏதும் இல்லீங்களா’, ‘எப்பக் கல்யாணம்’, ‘இளைச்சுட்டீங்க’, ‘குண்டாயிட்டீங்க’ இவையெல்லாம் அக்கறையோடு கேட்டாலும் குத்தும். குழந்தைக்காகச் சிகிச்சையில் இருப்பவரிடம் அந்தக் கேள்வி எத்தனையாவது முறையாகப் போய்ச் சேருகிறது என்று நமக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது ஊர்க் கேள்வி. ‘உங்களுக்கு எந்த ஊருங்க’ என்பது இயல்பான கேள்விதான். ‘அங்க எந்தப் பக்கம்? எந்தத் தெரு? குலதெய்வம் எது? உங்க ஆளுங்க அங்க நிறையப் பேரா?’ என்று அது இறங்க ஆரம்பித்தால், எதைத் தேடுகிறீர்கள் என்று எதிராளிக்குப் புரிந்துவிடும். சாதியால் காயப்பட்டவர் அந்த இடத்திலேயே கதவைச் சாத்திவிடுவார், சாத்தியது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. உங்களுக்கு அந்த எண்ணமே இல்லையென்றாலும் அவருக்கு அது எப்படித் தெரியும்? ஊரைக் கேட்டதும் மனிதர்களை நோக்கிப் போகாமல் ஊரின் பக்கமே திரும்பிவிடுங்கள்: அங்கே மழை எப்படி, என்ன விளைகிறது, சின்ன வயதில் எந்த ஆற்றில் குளித்தார். தெரு, கோயில் விவரங்கள் வர வேண்டுமென்றால் அவராகச் சொல்லட்டும். உங்களிடம் யாராவது அப்படித் தோண்டினால், பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கும் இல்லை.

விளிப்பதில் கொங்கு நாட்டு வழக்கம் உங்களுக்கு உதவும். இங்கே ‘ங்க’ எல்லோருக்கும் உண்டு, சிறுபிள்ளைகளிடமும் ‘வாங்க தங்கம்’ என்பார்கள். நீங்கள் நெல்லைப் பேச்சை மாற்ற வேண்டாம், போலியாகத் தெரியும். உங்கள் ‘ஏல’வை மட்டும் நெருங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தைந்து வயதுப் பெண்ணை ‘ஆன்ட்டி’ என்று அழைத்தால் அடுத்த பேச்சு தாமதமாகும், ‘அக்கா’ பாதுகாப்பானது. செக்யூரிட்டி அண்ணனிடம் பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாற்பது வீட்டுக்காரர்களில் அவர் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்பது புரியும். பெயரைக் கேட்டுவிட்டு ‘நீ’ என்று இறங்காதீர்கள்.

இப்போது திரும்பக் கேட்பதற்கு வருவோம். மற்ற எல்லாம் சரியாகச் செய்து இதை விட்டுவிட்டால் எட்டு மாதம் பதினாறு மாதமாகும். பேசி முடித்து வீட்டுக்குள் வந்ததும் போனில் இரண்டு சொல் எழுதிவையுங்கள்: ‘எதிர்வீடு அக்கா, பையன் பிசிக்ஸ் பரீட்சை, வியாழன்.’ இப்படி எழுதி வைப்பது சூழ்ச்சியோ என்று சிலருக்கு உறுத்தும். பிறந்தநாளைக் காலண்டரில் குறிப்பதில் இல்லாத தவறு இதிலும் இல்லை. மறக்கக் கூடாது என்ற அக்கறைதான் இரண்டிலும். உடல்நலம், பணம், குடும்பச் சண்டை ஆகியவற்றை மட்டும் எழுத வேண்டாம், அவை மனதில் இருந்தால் போதும். பிறகு உரிய நாளில் கேளுங்கள். பரீட்சைக்கு முந்தைய நாளைவிட முடிந்த அன்று மாலை நல்லது. முந்தைய நாள் கேட்டால் பதற்றம் கூடும். ‘மார்க் எவ்வளவு வரும்’ என்று கேட்காமல், ‘பையன் வந்து சாப்பிட்டுத் தூங்கினானுங்களா’ என்று கேளுங்கள். மார்க்கைக் கேட்க அவருக்கு நிறையப் பேர் இருப்பார்கள்.

ஒருவர் தனியாகச் சொன்னதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். லிஃப்டில் மூன்று பேர் நிற்கும்போது ‘ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சுங்களா’ என்று கேட்டால், அவர் உங்களிடம் சொன்னது அதுதான் கடைசி. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி ஒரு கைகூப்பிய பொம்மைகூடப் போடாதீர்கள். இன்னொருவரைப் பற்றி இவரிடம் சுவையாகப் பேசுவது அந்த நேரத்தில் நெருக்கம் போலத் தெரியும். ஆனால் கேட்டவர் வீட்டுக்குப் போய் ‘நம்மளப் பத்தியும் இப்படித்தானே பேசுவாங்க’ என்று நினைப்பார்.

பேச்சை எப்போது முடிப்பது என்பதும் ஒரு தலைவலி. 2021-இல் வந்த ஓர் ஆய்வில், இருவருமே விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் நூற்றுக்கு இரண்டு அளவில்தான் இருந்தன. சரியான நொடியைப் பிடிப்பது யாராலும் ஆகாத காரியம். அதனால் கொஞ்சம் முன்னதாகவே, சுவை இருக்கும்போதே முடித்துவிடுங்கள். முடிக்கும்போது அடுத்த சந்திப்புக்கு ஒரு முனை விட்டுச் செல்லுங்கள்: ‘அந்த நாட்டுக்கம்பு எங்க வாங்குனீங்கன்னு ஞாயித்துக்கிழமை சொல்லுங்க, நானும் வர்றேன்.’ முன்னே சொன்ன, வாரத்துக்கு ஒரு மணி நேரமும் இப்படித்தான் கிடைக்கும். ‘ஒரு நாள் வீட்டுக்கு வாங்க’ என்பது அழைப்பாகாது, நாளும் நேரமும் இருந்தால்தான் அழைப்பு. முதல் முறை சாப்பாட்டுக்குக் கூப்பிடாதீர்கள், இரு பக்கமும் சிரமம். மாலை நாலரைக்குக் காபியும் ஒரு தட்டு முறுக்கும் போதும். பாத்திரம் கொடுத்து வாங்குவதும் நல்ல வழி. நெல்லை அல்வாவோ வீட்டுக் குழம்போ ஒரு டப்பாவில் கொடுத்தால், அந்த டப்பா காலியாகத் திரும்பி வருவது அரிது.

பேசிவிட்டு வந்ததும் ‘அதிகமாப் பேசிட்டோமோ, தப்பா நினைச்சிருப்பாங்களோ’ என்று மனம் அரிக்கும். உளவியலாளர்கள் சிலர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பார்த்தார்கள். முதன்முறை பேசிய இருவரில் ஒவ்வொருவரும், அடுத்தவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்தது என்பதை உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். விடுதியில் சேர்ந்து தங்கிய மாணவர்களிடம் இந்தத் தவறான மதிப்பீடு மாதக்கணக்கில் நீடித்தது. ஆகவே அந்த அரிப்பை நம்பி அடுத்த நாள் ஒதுங்கிப் போகாதீர்கள். நீங்கள் ஒதுங்கினால் அவரும் அதையேதான் நினைப்பார்.

எல்லோரும் பழக விரும்புவார்கள் என்றில்லை, அதில் தவறும் இல்லை. வெவ்வேறு நாட்களில் மூன்று முறை இரண்டாவது கேள்வி கேட்டும் ஒற்றைச் சொல்லிலேயே பதில் வருகிறது, உங்களிடம் அவர் எதையும் திருப்பிக் கேட்கவில்லை, கால் வீட்டுப் பக்கம் திரும்பியே நிற்கிறது என்றால் விட்டுவிடுங்கள். அவர் வீட்டில் என்ன நடக்கிறதோ, அது நமக்குத் தெரியாது. அவரிடம் ‘சாப்ட்டாச்சுங்களா’வை மட்டும் நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் கோபம் என்று எடுத்துக்கொள்வார், அதைச் சரிசெய்வது புதிதாகப் பழகுவதைவிடக் கஷ்டம்.